கறுப்பனுக்குச் சர்க்கரை நோய்

பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் என்று சில ஆண்டுகளுக்கு முன் எவரேனும் நம்மிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நம் ஊர்ப் பக்கத்தில் பூனை என்பது அடுக்களையில் கிடைத்ததை உண்டு, பரணில் எலி பிடித்து, ஒரு நாள் சொல்லாமற் கொள்ளாமற் காணாமற் போய்விடும் பிராணி. அதற்கு வயது இத்தனை என்று கணக்கு வைத்தவர் யார்? அதன் குருதியைச் சோதித்தவர்தாம் யார்? ஆயின், 2024-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவிலுள்ள மகளின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தபோது இந்த நோயைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. நமது தவறு ஒன்றும் அந்தப் பாடத்திற் கலந்திருந்தது. அதனையும் மறையாது எழுதுகிறோம். பூனை வளர்க்கும் இல்லங்களும், கடல் கடந்து பூனை வளர்க்கும் பிள்ளைகளைப் பெற்ற இல்லங்களும் நம் வாசகரிடையே இன்று பல அன்றோ?

கறுப்பன் பதினோரு வயதுப் பூனை. கருத்தடை செய்யப்பட்ட ஆண். வீட்டு வாயிலைத் தாண்டியறியாதது. ஒரு காலத்தில் ஏழு கிலோ எடை இருந்தது. நடுவயது கடந்தமை, ஆணாய் இருத்தல், வீட்டுக்குள்ளேயே கிடத்தல், பருமன் ஆகிய இவை ஒன்றுசேரும் பூனைக்கே இந்நோய் மிகுதியும் வருகிறது என்பதை அப்பொழுது நாம் அறியோம். "கறுப்பன் இளைத்துவிட்டான், உணவைக் குறைத்தது பலன் தந்தது" என்று மகள் தொலைபேசியில் மகிழ்ந்து சொன்னபோது நாமும் மகிழ்ந்தோம்.

நேரில் சென்று பார்த்தபோதுதான் ஐயம் பிறந்தது. காலையில் நிறைத்து வைத்த தண்ணீர்க் கிண்ணம் நண்பகலுக்குள் வற்றிவிடுகிறது. மணற்பெட்டி ஒரே நாளில் நனைந்து கட்டி கட்டியாகிவிடுகிறது. தட்டை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்துகிறது. ஆயினும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் குடும்பம் நடத்திவரும் நமக்கு இந்தத் தாகமும் இந்தப் பசியும் பழைய அறிமுகங்கள். இவற்றினும் விந்தையாக ஒன்றைப் பேரன் காட்டினான். "தாத்தா, இவன் நடப்பதைப் பாருங்கள்!" பூனை இயல்பாக விரல்நுனியால் நடக்கும் பிராணி. கறுப்பனோ பின்னங்காலின் குதிப் பகுதி முழுவதையும் தரையிற் பதித்து, முயல் உட்கார்ந்தெழுவதைப் போல நடந்தது. நீடித்த சர்க்கரையால் நரம்பு தளர்வதன் அறிகுறி அது என்று பின்னர் டாக்டர் விளக்கினார்.

டாக்டர் குருதியை எடுத்துப் பார்த்தார். டெசிலிட்டருக்கு 430 மில்லிகிராம் சர்க்கரை. நமக்கு அந்த எண் போதும், அவருக்குப் போதவில்லை. பயந்த பூனைக்கு அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறுமாம். கூடையில் அடைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனாலே 300-ஐத் தொடுவதுண்டாம். எனவே சிறுநீரிற் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ஃபுரக்டோசமைன் என்னும் சோதனைக்கும் குருதியை அனுப்பினார். முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரி நிலையை அது காட்டும்; ஒரு நாளைய அச்சம் அதனை மாற்றாது. ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பூனைக்கு ஊசி தொடங்கும் அவசரக்காரர் அல்லர் என்பதால் அவர்மீது நமக்கு மதிப்புப் பிறந்தது.

பூனையின் நோய், முதியோராகிய நமக்கு வருவதை ஒத்தது என்பதே முதல் வியப்பு. நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் அறவே அற்றுப்போகும் வகை. பூனைக்கோ, உடல் பருத்து இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுப்பதும், கணையத்தின் திட்டுகளில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து அவை களைத்துப்போவதும் காரணங்கள். நமது கணையத்திலும் இதுவே நிகழ்கிறது. சில பூனைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தே நோயை வருவித்துவிடும். வேறு சிலவற்றில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாய்ச் சுரப்பது பின்னணியில் ஒளிந்திருக்கும். இங்கிலாந்தில் 1,221 நீரிழிவுப் பூனைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் எனக் கணக்கிட்டனர். ஊசியின் அளவு ஏறிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்காத பூனைக்கு இதனையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டாக்டர் மூன்று வழிகளைச் சொன்னார். முதலாவது, நாளுக்கு இருமுறை இன்சுலின். பூனையின் உடல் இன்சுலினை விரைவிற் செலவிட்டுவிடுவதால் ஒருமுறை பெரும்பாலும் போதாது. இரண்டாவது, அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பூனைகளுக்கென அனுமதி பெற்ற பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை, அல்லது 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்ற வெலாகிளிஃப்ளோசின் திரவம். இரண்டும் நாளுக்கு ஒருமுறை வாய்வழி தருவன. மூன்றாவது, அருகிலிருந்த பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் வாய்வழி மருந்து ஒன்றை வைத்து நடைபெற்றுவந்த சோதனையிற் சேர்வது. "எதுவாயினும் சில நாளுக்குள் சொல்லுங்கள். பூனை உண்பதை நிறுத்தினால் மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அன்றே வாருங்கள்" என்று அனுப்பிவைத்தார்.

ஊசி என்றதும் மகள் முகம் வாடியது. பணிக்குச் செல்பவள், மருமகன் வாரத்திற் பாதி வெளியூர். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை யார் ஊசி போடுவது? எனவே வாய்வழி மருந்தின்மேல் எல்லாருக்கும் ஆசை. அதன் கதையும் சுவையானது. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்னும் பொருளை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்பதை 1886-இல் ஃபான் மேரிங் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்டார். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் வாயிலை அது அடைத்துவிடுகிறது. அதன் வழித்தோன்றல்களே இன்று நம்மிற் பலர் விழுங்கும் 'கிளிஃப்ளோசின்' மாத்திரைகள். பெக்ஸாகிளிஃப்ளோசின் பூனைக்கு அனுமதி பெற்றது 2022 டிசம்பரில். மனிதருக்கு அனுமதி பெற்றது 2023 ஜனவரியில். இந்த ஒன்றிலாவது பூனை நம்மை முந்திக்கொண்டது! 1921-இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைத் தேடியபோது நாய்கள் உயிர் கொடுத்தன. அடுத்த ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசி வாழ்வு கொடுத்தது. அன்றாடம் ஊசி போட்டுக்கொள்ளும் நாம் அந்தக் கடனை எண்ணிப் பார்ப்பதேயில்லை.

ஆயின் இந்த மருந்துகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்பு இன்சுலின் பெற்ற பூனைக்கு இவற்றைத் தரலாகாது என்பது அமெரிக்க அனுமதியின் விதி. காரணம், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இம்மருந்து இன்சுலினுக்கு மாற்று அன்று. பூனையின் கணையத்தில் ஓரளவு இன்சுலின் எஞ்சியிருந்தால்தான் இது பயன்படும். அது வற்றியிருந்தால் உடல் கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அதனால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் குருதியிற் பெருகி உயிருக்கே உலை வைக்கும். இதிலும் கொடியது, அப்பொழுது சர்க்கரை அளவு நல்லதாகவே காட்டும் என்பது. கருவியில் 120 கண்டு நாம் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே பூனை இறந்துகொண்டிருக்கலாம். ஆகவேதான் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்டு எச்சரிக்கை அச்சிடுகின்றனர்; தொடங்குமுன் சிறுநீரகம், கல்லீரல், கணையம், கீட்டோன் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்கின்றனர்.

நாம் காத்திருந்த சோதனைக்கும் இதே விதி: புதிதாக நோய் கண்ட பூனை, ஒரு முறையேனும் இன்சுலின் பெறாத பூனை. வியாழனன்று சம்மதப் பத்திரம் வந்தது. பத்துப் பக்கத்துக்கும் மேல். மகளும் நாமும் இரவு இருந்து வாசித்தோம். அதிற் கண்டவற்றைச் சற்று விரித்தே எழுதுகிறோம், ஏனெனில் சோதனை என்றால் இலவச மருந்து என்று மட்டும் எண்ணுவோர் உளர்.

சேரும் பூனைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்குவர். எந்தப் பிரிவில் விழும் என்பதை உடையவரும் தேர்ந்துகொள்ள முடியாது, டாக்டரும் தேர்ந்துகொள்ள முடியாது. சில சோதனைகளில் எந்த மருந்து தரப்படுகிறது என்பதே இருவருக்கும் தெரியாது. வெலாகிளிஃப்ளோசினைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கித்தான் இன்சுலினோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒரு பிரிவுக்கு அது, மறு பிரிவுக்கு இன்சுலின். இன்சுலினுக்குத் தாழாத பயன் கிடைத்தது. சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்தது இன்சுலின் பிரிவில். கீட்டோன் தொல்லை புதிய மருந்துப் பிரிவில். இரு வழியிலும் ஒவ்வொரு பாம்பு படுத்திருக்கிறது என்று அறிந்தால் போதும். குறித்த நாளில் குருதி கொடுக்கத் தவறாது வர வேண்டும். அருந்திய நீர், உண்ட உணவு, எடை, நடை எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும். இடையில் மற்ற மருந்துகளை நம் விருப்பப்படி தரக்கூடாது. பதிலாக, சோதனைச் செலவை அவர்கள் ஏற்பர். காரணம் சொல்லாமலே எந்நாளும் விலகலாம். நோய் முற்றினால் சோதனையை நிறுத்தி வழக்கமான மருத்துவம் தருவர்.

பூனையால் ஒப்பமிட முடியாது. அதன் பொருட்டு ஒப்பமிடுபவர் நாம். மருந்தினால் தீங்கு நேர்ந்தால் அதற்கான மருத்துவச் செலவு யாருடையது? சோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இந்த இரண்டு வினாக்களுக்கும் பத்திரத்தில் தெளிவான விடை காணவில்லை. குறித்துவைத்துக்கொண்டோம். செவ்வாயன்று முதற் சந்திப்பு.

இங்கேதான் தவறினோம். வெள்ளியன்று காலை கறுப்பன் பாதி உணவை விட்டுவிட்டது. சனியன்று முகர்ந்து பார்த்து ஒதுங்கியது. புதியவர்களாகிய நம்மைக் கண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று மகள் சொன்னாள், நாமும் ஒத்துக்கொண்டோம். உள்ளத்தின் அடியில் வேறொன்று இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். இப்பொழுது வேறு மருத்துவரிடம் கொண்டுபோனால் இன்சுலின் போட்டுவிடுவாரே, சோதனை கைநழுவுமே என்ற எண்ணம். செவ்வாய் வரை தள்ளிவிடலாம் என்ற கணக்கு. அன்றே வாருங்கள் என்று டாக்டர் சொன்ன சொல்லை நம் வசதிக்கு ஏற்ப மறந்தோம்.

சனியன்று இரவு பதினொரு மணிக்குக் குளியலறைத் தரையில் கறுப்பன் சுருண்டு கிடந்தது. இருமுறை வாந்தி. தோலைத் தூக்கினால் தூக்கியபடியே நின்றது. உடலில் அவ்வளவு நீர் வற்றியிருந்தது. இரவு நேர அவசர மருத்துவமனைக்கு மருமகன் காரோட்டினார். மூச்சில் அழுகிய பழம்போன்ற வாடை. கீட்டோன் பெருகிக் குருதி அமிலமாகிவிட்டது என்று அரை மணி நேரத்தில் சொன்னார்கள். நரம்பு வழியே உப்புநீர், பொட்டாசியம், பிறகு சிறிது சிறிதாக இன்சுலின். மூன்று இரவுகள். இன்சுலின் தருமுன் மகளிடம் ஒப்பம் கேட்டார் அந்த இளம் டாக்டர். அவள் நம் முகத்தைப் பார்த்தாள். "போடச் சொல்லம்மா" என்றோம். அந்த ஓர் ஊசியோடு சோதனையின் வாயிலும் புதிய மருந்தின் வாயிலும் சாத்தப்பட்டன.

பிற்பாடு பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து பேசிய பெண்மணி, கீட்டோன் கண்ட பூனையை எப்படியும் நாங்கள் சேர்த்திருக்கமாட்டோம் என்று ஆறுதலாகச் சொன்னார். உண்மையே. எனினும் வெள்ளியன்றே கொண்டுபோயிருந்தால் அந்த மூன்று இரவுகள் கறுப்பனுக்கு வேண்டியிருந்திராது.

வீடு திரும்பியபின் ஊசிப் பொறுப்பு நம்முடையதாயிற்று. வேலையில்லாத கிழவன், ஊசி பழகிய கை, வேறு யார்? காலை ஏழு, மாலை ஏழு. முதலில் உணவு, அது உண்பதை உறுதிசெய்துகொண்டு, தோலைக் கூடாரம்போல் தூக்கி, மெல்லிய ஊசியைச் செலுத்துவது. பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனை எளிதான செயலுக்கா இத்தனை அஞ்சினோம் என்றிருந்தது.

அந்தத் துணிவே நம்மை இன்னொரு விபத்தின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. மூன்றாம் நாள் அங்கத்திய ஊசிகள் மேல்மாடியில் இருந்தமையால், நாம் ஊரிலிருந்து கொண்டுசென்ற ஊசியைப் பிரித்துக் கறுப்பனின் குப்பியில் நுழைத்தோம். "அப்பா, மூடியின் நிறம் வேறாக இருக்கிறதே!" என்று மகள் கையைப் பிடித்தாள். நாம் இந்தியாவில் வாங்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். ஊசிக்குச் சிவப்பு மூடி. கறுப்பனுக்குத் தந்த கிளார்ஜின் இன்சுலினில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதன் ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 40-இன் ஊசியில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அன்று, இரண்டரை யூனிட்! ஒரு யூனிட்டில் வாழும் ஐந்து கிலோப் பூனைக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. பூனைகளுக்கென விற்கும் சில இன்சுலின்கள் 40 யூனிட் வகை என்பதால் குழப்பம் எந்தத் திசையிலும் நேரலாம். குப்பியையும் ஊசியையும் ஒரே டப்பாவில் சேர்த்துவைப்பதே நன்று. போட்டோமா இல்லையா என்ற ஐயம் வந்தால் மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை தவறுவதால் பூனைக்குக் கேடில்லை, இருமுறை போடுவதாற் கேடு உண்டு. தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு கண்டால் ஈறில் தேனையோ குளுக்கோஸையோ தடவி உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

உணவையும் மாற்றினோம். பூனை இறைச்சியுண்ணும் இனம். மாவுப்பொருளைச் செரித்துச் சமாளிப்பதில் அதன் உடல் வல்லமை குறைந்தது. அதுவரை கிண்ணத்தில் எந்நேரமும் கிடந்த உலர்ந்த மணியுணவை விடுத்து, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவைக் கொடுத்தோம். ஊரில் பால்சோறு பிசைந்து வைக்கும் நாமும் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இன்சுலின் பெறும் பூனைக்கு மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றலாகாது. மாவு குறைந்ததும் சர்க்கரை சடக்கென்று இறங்கிவிடும். காதோரத்தில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்க்கப் பேரன் பழகிக்கொண்டான். நமது கருவி பூனையின் குருதியில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால் அதற்கென உள்ள கருவியை வாங்கினார்கள். ஒட்டிவைக்கும் உணர்கருவியும் பொருத்திப் பார்த்தனர்; நான்காம் நாள் கறுப்பன் அதைப் பிய்த்தெறிந்துவிட்டது.

நாயினும் பூனைக்கு ஒரு நற்பேறு உண்டு. தொடக்கத்திலேயே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தினால், களைத்த கணையம் ஓரளவு தேறி, ஊசியே வேண்டாத நிலைக்குச் சில பூனைகள் வந்துவிடுகின்றன. அதனைக் குணம் என்று டாக்டர்கள் சொல்வதில்லை, தணிவு என்பர். நோய் மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. நாம் ஊர் திரும்பியபோது கறுப்பனின் அளவு ஒரு யூனிட்டிலிருந்து அரை யூனிட்டாகியிருந்தது. மீண்டும் விரல்நுனியில் நடக்கத் தொடங்கியிருந்தது.

சென்ற திங்களில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். இன்சுலின் பெற்றுவரும் பூனைகளுக்காகவே வேறொரு சோதனை தொடங்குகிறதாம், பத்திரம் வந்திருக்கிறதாம். சேரலாமா என்று கேட்டாள்.

"முதலில் அவர்களிடம் எதைக் கேட்கப் போகிறாய்?" என்றோம்.

"சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு எந்த எண்ணில் அழைப்பது என்று, அப்பா."